மீட்டர் இல்லாத மோட்டார்

கொங்குப் பகுதியில் மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் ஒரு தோட்டத்து மோட்டார் அறைக்குள் சென்று பார்த்தால், சுவரில் ஃபியூஸ் கட்டையும் ஸ்டார்ட்டர் பெட்டியும் இருக்கும். வீட்டில் உள்ளதுபோல் யூனிட்டை எண்ணும் மீட்டர் பெரும்பாலும் இருக்காது. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வேளாண் மின் இணைப்புகள் உள்ளன. அவை எவ்வளவு மின்சாரம் எடுக்கின்றன என்பது துல்லியமாகத் தெரியாது என்பதே, மின்வாரியத்துக்கும் கட்டணத்தை நிர்ணயிக்கும் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் தீராத சிக்கலாக இருந்துவருகிறது.

நீரை மேலேற்ற வேண்டிய மின்சாரம் ஆழத்தைப் பொறுத்தது. மோட்டாரிலும் பம்பிலும் குழாயிலும் வீணாவது போக 40 சதவீத ஆற்றலே நீருக்குச் சேரும் என்று வைத்துக்கொண்டால், 100 அடி ஆழத்திலுள்ள 1,000 லிட்டர் நீரை மேலே கொண்டுவர ஏறக்குறைய 0.2 யூனிட் செலவாகும். நீர்மட்டம் 1,000 அடிக்கு இறங்கிவிட்டால் அதே நீருக்கு 2 யூனிட் வேண்டும். ஆகவே விவசாயி கூடுதல் குதிரைத்திறன் கொண்ட நீர்மூழ்கி மோட்டாரை இறக்குகிறார். ஒரே மின்மாற்றியில் பல மோட்டார்கள் ஒருசேர ஓடும்போது மின்னழுத்தம் சரிகிறது; சரிந்த அழுத்தத்தில் அதே வேலையைச் செய்ய மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுப்பதால் அதன் கம்பிச்சுருள் (காயில்) சூடேறி எரிகிறது. மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியில் வெப்பமாக வீணாவது நான்கு மடங்காகும் என்பதால் வாரியத்தின் இழப்பும் கூடவே ஏறுகிறது. காயில் கட்டும் கூலி, மோட்டாரை மேலே தூக்கி மறுபடி இறக்கும் செலவு எல்லாம் சேர்ந்தால், இலவச மின்சாரம் அந்த விவசாயிக்கு மிகவும் விலை கூடியதாகிவிடுகிறது.

துணைமின் நிலையத்திலிருந்து புறப்படும் மின்சாரத்துக்கு அளவீடு உண்டு. வீடு, கடை, ஆலைகளுக்குச் சேர்வதற்கும் அளவீடு உண்டு. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தில் வயல் எடுத்தது, கம்பியில் வீணானது, திருட்டுப்போனது மூன்றும் கலந்து கிடக்கின்றன. வயலின் பங்கைக் கூட்டிச் சொன்னால் இழப்பு குறைவாகத் தெரியும். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு மீட்டர் வழியாகவே மின்சாரம் வழங்க வேண்டும் என்கிறது. 65-ஆம் பிரிவு கட்டணச் சலுகைக்கான மானியத்தை அரசு முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்கிறது. யூனிட் தெரியாத நிலையில், பதிவான குதிரைத்திறனைக் கொண்டே மானியம் கணக்கிடப்பட்டு வந்திருக்கிறது. பதிவேட்டில் 5 குதிரைத்திறன் என்றிருக்க, கிணற்றுக்குள் ஓடுவது 7.5 ஆக இருந்தால் அந்தக் கணக்கு என்னவாகும்?

இன்று மீட்டர் வந்தால் நாளை பில் வரும் என்ற விவசாயிகளின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமாகாது. 1970-இல் மின் கட்டண உயர்வை எதிர்த்துப் போராடித் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தவர்களின் நினைவு திருப்பூரை அடுத்த பெருமாநல்லூர்ப் பக்கத்தில் இன்னும் அழியவில்லை. எனவே ஒவ்வொரு மோட்டாரிலும் கைவைக்காமல், வயல்களுக்கெனத் தனி மின்பாதை அமைத்து, அதன் தொடக்கத்திலோ மின்மாற்றியிலோ ஒரு மீட்டரை வைப்பதே நடைமுறைக்கு ஏற்றது என்று கருதுகிறேன். குஜராத் 2003-இல் தொடங்கிய ஜோதிகிராம் திட்டத்தில் வயலுக்கும் வீட்டுக்கும் மின்பாதையைப் பிரித்தது.

நீரின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. மின்சாரத்துக்காவது ஓர் ஆணையம் இருக்கிறது; 2003-இல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டின் நிலத்தடி நீர்ச் சட்டமோ நடைமுறைக்கு வராமலே 2013-இல் நீக்கப்பட்டது. மின்மாற்றி மீட்டரின் மாதக் கணக்கை அவ்வூர்க் கிணறுகளின் நீர்மட்டத்தோடு சேர்த்துப் படித்தால், எத்தனை லட்சம் லிட்டர் மேலே வந்தது என்பதையும் ஓரளவு கணித்துவிடலாம்.