செல்ஃப் எடுக்காத பழைய பிக்கப்: வோல்ட் எங்கே தொலைகிறது?

பழைய பிக்கப் வண்டி காலையில் மக்கர் செய்யும்போது மூன்றில் ஒன்றுதான் நடக்கும். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே சத்தம், அதோடு சரி. இல்லையென்றால் 'டகடகடக' என்று படபடப்பு. அதுவும் இல்லையென்றால் மயான அமைதி. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. நாமோ மூன்றையும் "செல்ஃப் எடுக்கல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, பேட்டரியைக் கழற்றப் போய்விடுகிறோம். நானும் அப்படித்தான் புதுப் பேட்டரி மாட்டினேன். மூன்றாவது வாரமே அதே படபடப்பு திரும்பிவிட்டது.

"ஹெட்லைட் நல்லா எரியுதே, அப்புறம் ஏன் செல்ஃப் சுத்தல?" இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்று எடுத்துக்கொள்வது 5 ஆம்பியருக்கும் குறைவு. எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் மோட்டாரோ (நாம் செல்ஃப் என்பது இதைத்தான்) சுமார் 150, 200 ஆம்பியர் கேட்கும்; டீசல் என்றால் இன்னும் அதிகம். வழியில் ஏதோ ஓர் இணைப்பு துருப்பிடித்து, அங்கே 0.01 ஓம் மின்தடை மட்டும் சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பல்புக்கு அதனால் இழப்பு 0.05 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. 200 ஆம்பியர் ஓடும்போது அதே இடத்தில் 2 வோல்ட் காணாமல் போகும். அந்த ஒரு போல்ட்டில் 400 வாட் வெப்பம் எழும். கேபிள் முனையைத் தொட்டால் சுடுகிறது என்றால் காரணம் இதுதான்.

இத்தனை ஆம்பியரை இவ்வளவு சின்ன மோட்டார் தாங்குவதற்குப் பின்னால் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. 1912ஆம் ஆண்டு கேடிலாக் காரில் மின் ஸ்டார்ட்டர் வருவதற்குக் காரணமாக இருந்தவர் சார்ல்ஸ் கெட்டரிங். சில நொடிகள் மட்டும் ஓடப்போகிற மோட்டாரின் மேல் அளவுக்கு மீறிய சுமையை ஏற்றலாம் என்று அவர் கணக்குப் போட்டார். இன்றைக்கும் ஸ்டார்ட்டர் அப்படியே. அதனால் ஒரே மூச்சில் 10 நொடிக்கு மேல் சாவியைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. இரண்டு நிமிடமாவது ஆறவிட வேண்டும்.

படபடப்புச் சத்தம் வருவது சாலினாய்டிலிருந்து, அதாவது ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் மின்காந்த ஸ்விட்சிலிருந்து. அதற்குள் இரண்டு சுருள்கள் உண்டு. ஒன்று உலக்கை எனப்படும் இரும்புத் தண்டை உள்ளே இழுக்கும், மற்றொன்று இழுத்ததைப் பிடித்து நிறுத்தும். உலக்கை போய்த் தடித்த செப்புத் தொடுமுனைகளைச் சேர்த்ததும் மோட்டாருக்கு மின்சாரம் பாயும். இழுக்கும் சுருள் தானாக ஓய்ந்துவிடும். அந்தக் கணத்தில் பேட்டரி தளர்ந்திருந்தாலோ இணைப்பு கெட்டிருந்தாலோ வோல்ட் சரிந்துவிடும். பிடிக்கும் சுருளுக்கு வலு போதாமல் உலக்கை நழுவும். நழுவியதும் சுமை நீங்கி வோல்ட் மேலேறும், உலக்கை மறுபடி உள்ளே போகும். நொடிக்குப் பல முறை நடக்கும் இந்த இழுபறிதான் 'டகடகடக'.

ஒற்றை 'டக்' என்றால் உலக்கை போய் நிற்கிறது, ஆனால் மோட்டார் சுழலவில்லை. தொடுமுனை கருகியிருக்கலாம், மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், கேபிளும் காரணமாக இருக்கலாம். சத்தமே இல்லை என்றால் சாலினாய்டின் சின்ன ஒயரைப் பாருங்கள். ஒருவர் சாவியைத் திருப்ப, அந்த ஒயரில் டெஸ்ட் லைட் எரிந்தால் குறை ஸ்டார்ட்டர் பக்கம். எரியாவிட்டால் சாவி ஸ்விட்ச், ரிலே, கிளட்ச் பெடல் ஸ்விட்ச் என்று பின்னால் போக வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் லீவரை நியூட்ரலில் வைத்து ஒருமுறை முயன்று பாருங்கள்.

பேட்டரியில் ஆறு அறைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும்போது 12.6 காட்டும், 12.2 என்றால் பாதிதான் மிச்சம். ஆனால் 12.5 காட்டுகிற பேட்டரியும் சுமை ஏறியதும் படுத்துவிடலாம். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே போனால் அதைச் சந்தேகிக்கலாம். போகாவிட்டால் அதை விட்டுவிட்டு கேபிள்களுக்கு வாருங்கள்.

கேபிளைச் சோதிக்கப் பலர் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைக்கிறார்கள். அது வீண். முறுக்கு கேபிளில் நூறு இழை அறுந்து ஒரே இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் நல்லது என்றே காட்டும். மின்னோட்டம் ஓடும்போது அளந்தால்தான் உண்மை தெரியும். வண்டியை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சின் ஸ்டார்ட் ஆகாதபடி இக்னிஷனைத் துண்டித்துவிடுங்கள். மீட்டர் 20 வோல்ட் டிசியில் இருக்கட்டும். சிவப்பு முனை பேட்டரியின் பிளஸ் கம்பத்தின் மேல்; கிளாம்பின் மேல் அல்ல, ஈயத்தின் மேலேயே. கறுப்பு முனை பேட்டரி கேபிள் வந்து சேரும் ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டில். இப்போது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். காட்டும் எண்தான் வழியில் தொலைந்த வோல்ட். அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பக்கம் கோளாறு. பிறகு மைனஸ் கம்பத்துக்கும் ஸ்டார்ட்டர் உடலுக்கும் இடையே இதையே செய்யுங்கள். அங்கே 0.2, 0.3க்குள் இருக்க வேண்டும்.

என் வண்டியில் பிளஸ் பக்கம் 0.3. மைனஸ் பக்கம் 1.8! அந்த வண்டியில் மைனஸ் கேபிள் சேசிஸில், அதாவது வண்டியின் இரும்பு அடிச்சட்டத்தில் இறங்கி, அங்கிருந்து ஒரு சாண் நீளச் செப்புப் பின்னல் பட்டை வழியாக எஞ்சினுக்குப் போகிறது. எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டுகளின் மேல். ரப்பர் வழியே மின்சாரம் திரும்பாது. ஆகவே எல்லா ஆம்பியரும் அந்தப் பட்டையை நம்பித்தான் இருந்தன. எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் இடையே அளந்தேன்: 1.6. போல்ட்டைக் கழற்றியதும் பட்டையின் முனை கையோடு பிய்ந்து வந்தது. உள்ளே செம்பு இல்லை, பச்சைத் தூள்தான். அடியில் சேசிஸ் முழுக்கத் துரு.

இப்படி எர்த், அதாவது மின்சாரம் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் வழி, கெட்ட வண்டியில் அந்த மின்னோட்டம் சும்மா இருப்பதில்லை. ஆக்சிலரேட்டர் கேபிள், கியர் கேபிள் என்று கிடைத்த உலோகத்தின் வழியே திரும்பப் பார்க்கும். அவை பழுக்கச் சூடேறிய வண்டிகள் உண்டு. செல்ஃப் அடித்த பிறகு ஆக்சிலரேட்டர் கேபிள் சூடாக இருந்தால் எர்த்தைப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

சேசிஸைப் பளபளவென்று தேய்த்து, புதுப் பட்டை போட்டு முறுக்கினேன். அதே இடத்தில் 0.1. சந்தேகப்பட்டுக் கழற்றி வைத்திருந்த பழைய பேட்டரியை சார்ஜ் ஏற்றித் திரும்ப மாட்டிப் பார்த்தேன். செல்ஃப் அடிக்கையில் 10.7 வோல்ட்டில் நின்றது. இன்றும் வண்டியில் இருப்பது அதுதான்.