கால்குலேட்டர்: கணக்கியா, கணிப்பானா?

கால்குலேட்டர் என்ற சொல்லுக்குள் ஒரு கூழாங்கல் ஒளிந்திருக்கிறது. லத்தீனில் கல்குலுஸ் என்றால் சிறு கல். சுண்ணாம்புக்கல்லைக் குறிக்கும் கல்க்ஸ் என்ற சொல்லிலிருந்து அது கிளைத்தது. கால்சியத்தின் பெயரும் அங்கிருந்து வந்ததுதான். கோடு கிழித்த பலகையில் கற்களை நகர்த்தித்தான் ரோமானியர்கள் கூட்டினார்கள், கழித்தார்கள். கல்லின் பெயரே நாளடைவில் கணக்குப் போடும் வேலைக்கும் பெயராகிவிட்டது. சிறுநீரகக் கல் உள்ளவர்களின் ஸ்கேன் அறிக்கையில் 'கால்குலஸ்' என்று இருக்கும். அது கணிதப் பாடம் அல்ல, அந்தப் பழைய கல்லேதான்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் முதலில் ஆளைக் குறித்தது, நம் கணக்கரைப் போல. பிரெஞ்சுக் கணித அறிஞர் பாஸ்கல் 1642இல் கணக்குப் போடும் பல்சக்கர இயந்திரத்தைச் செய்யத் தொடங்கினார். அதற்குப் பிறகு வந்த இயந்திரங்களுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, அப்புறம் சட்டைப்பைக்குள் அடங்கும் கருவிக்கும். இன்று கருவியே தேவையில்லை. இணையத்தில் நான்கு கட்டங்களை நிரப்பிப் பொத்தானை அழுத்தினால் ஒரு எண் வருகிறது. அதற்கும் கால்குலேட்டர் என்றுதான் பெயர்.

தமிழில் இதற்கு அதிகம் புழங்கும் சொல் கணிப்பான். கணிப்பொறி என்ற சொல் கம்ப்யூட்டர் பக்கம் போய்விட்டது. பின்னர் கணினி வந்து அதன் இடத்தையும் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. கணிப்பான் என்றால் 'அவன் கணிப்பான்' என்று வினைமுற்றாகப் படிக்கிறதே என்று சிலர் குறைப்படுவார்கள். அழிப்பான், ஒலிப்பான் என்று சொல்லும்போது எந்த ஆளும் நினைவுக்கு வருவதில்லை. பழகினால் இதுவும் அப்படித்தான்.

என் தயக்கம் வேறு இடத்தில். கணி என்ற வேர் தமிழா, வடமொழியா என்ற வழக்கு நெடுநாளாக நடக்கிறது, அது நடக்கட்டும். இன்றைய தமிழில் கணக்கிடுவதும் கணிப்பதும் ஒன்றல்ல என்பதுதான் இங்கே முக்கியம். வட்டியைக் கணக்கிடுகிறோம். வானிலையையோ, தேர்தல் முடிவையோ கணிக்கிறோம். கணக்கு தவறினால் அது பிழை. கணிப்பு தவறலாம், அது பிழையாகவே இருக்க வேண்டியதில்லை. கால்குலேட்டர் என்ற ஒற்றைச் சொல் இந்த இரண்டையும் போர்த்தி மூடிவிடுகிறது.

கடன் தவணைக் கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அசல், வட்டி விகிதம், மாதங்கள் ஆகிய மூன்றைக் கொடுத்தால் விடை ஒன்றுதான், யார் போட்டாலும் அதே தொகை. இதய நோய் அபாயக் கால்குலேட்டர் அப்படியல்ல. வயது, ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் எல்லாம் கேட்டுவிட்டு, அடுத்த 10 ஆண்டுகளில் 12 சதவீத அபாயம் என்று சொல்லும். இந்த 12 எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் ஃபிராமிங்காம் ஊரில் 1948இல் 5209 பேரைச் சேர்த்து ஒரு ஆய்வு தொடங்கினார்கள். யாருக்கு மாரடைப்பு வந்தது, அவர்களுக்கு முன்பே என்னென்ன இருந்தன என்று பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். இவ்வகைக் கால்குலேட்டர்களுக்கு அந்த ஆய்வுதான் முன்னோடி. அந்த ஊர்க்காரர்களில் பெரும்பாலானோர் ஐரோப்பிய வம்சாவளியினர். அதனால் வேறு மக்களுக்கு அதே சூத்திரத்தைப் போட்டால் அபாயம் கூடியோ குறைந்தோ காட்டியது. பிரிட்டனில் மருத்துவப் பதிவுகளை வைத்து உருவான கியூரிஸ்க் கால்குலேட்டர் நீங்கள் இந்தியரா, வங்கதேசத்தவரா என்றுகூடக் கேட்பது இதனால்தான்.

ஆக, அந்த 12 சதவீதம் உங்களைப் பற்றிய செய்தி அல்ல. உங்களைப் போன்ற எண்கள் கொண்ட 100 பேரில் 12 பேருக்கு வரக்கூடும் என்பதுதான் அதன் பொருள். அந்த 12 பேரில் நீங்கள் ஒருவரா என்று அதற்குத் தெரியாது. இதைக் கணக்கு என்று சொன்னால் படிப்பவர் ஏமாந்துபோவார். இது கணிப்பு.

இந்த இடத்தில் தரவு என்ற சொல்லையும் பார்த்துவிடலாம். டேட்டா என்றால் லத்தீனில் 'தரப்பட்டவை'. தா என்ற வேரிலிருந்து வந்த தரவும் அதே பொருள்தான். கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் தரவு என்றுதான் பெயர். இவ்வளவு பொருத்தமாக அமைந்த கலைச்சொற்கள் அதிகமில்லை. பொதுவில் வைத்த ஆய்வுத் தரவு என்றால் யாரோ முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானோர் தங்கள் உடலையும் நாட்களையும் தந்தது. குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்க உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகோல் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 6 நாடுகளின் சுமார் 8500 குழந்தைகளை அளந்து உருவானது. கால்குலேட்டர் இலவசமாகக் கிடைக்கிறதென்றால் அதற்கான உழைப்பை வேறு யாரோ கொடுத்துவிட்டார்கள்.

லத்தீன்காரரின் கல்லுக்கு நம்மிடமும் ஒரு ஜோடி உண்டு, கழங்கு என்ற கழற்சிக்காய். சொல் உறவு எதுவும் நான் சொல்ல வரவில்லை, வேலையில்தான் ஒற்றுமை. சங்கப் பாடல்களில் மகள் மெலிவதைக் கண்ட தாய், முருகனின் பூசாரியான வேலனை அழைப்பாள். அவன் கழங்கை உருட்டிப் பார்த்து, முருகனால் வந்த நோய் என்பான். உண்மையான காரணம் காதலன் என்பது தோழிக்குத் தெரியும். கழங்கில் குற்றமில்லை, காதலனைப் பற்றிய தகவலை யாரும் அதனிடம் தரவில்லை, அவ்வளவுதான்.

என் பரிந்துரை இதுதான்: ஒரே விடை தருவதைக் கணக்கி என்போம், பலரின் தரவிலிருந்து ஒருவருக்கு ஊகித்துச் சொல்வதைக் கணிப்பான் என்போம். கணக்கு பெயர்ச்சொல், அதோடு இகரம் சேருமா என்று கேட்பவர்கள், கால் என்ற பெயரோடு இகரம் சேர்ந்த நாற்காலியைப் பார்க்கவும். அப்படியானால் தவணைக் கணக்கி, வயதுக் கணக்கி. பிரசவத் தேதிக்கு? கடைசி மாதவிடாயின் முதல் நாளோடு 280 நாள் கூட்டுவது வெறும் கூட்டல்தான். ஆனால் அந்தத் தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் மிகக் குறைவு. அதனால் கணிப்பான்.

உடல் எடை உயரத்துக்கு ஏற்றதா என்று காட்டும் பி.எம்.ஐ. தான் சிக்கல். 70 கிலோ எடை, 1.70 மீட்டர் உயரம் என்றால் எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து 24.2. இது சுத்தமான கணக்கு. அதன் கீழே பச்சையும் மஞ்சளுமாக ஒரு பட்டை வருகிறதே, அங்கே கதை மாறுகிறது. 25 வரை இயல்பு என்பது பொது வரம்பு. ஆசிய மக்களுக்கு 23இலிருந்தே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் சொன்னது. ஒரே 24.2 ஒரு பட்டையில் பச்சை, இன்னொன்றில் மஞ்சள். எண்ணைத் தரும் பாதியைக் கணக்கி என்றும், நிறம் காட்டும் பாதியைக் கணிப்பான் என்றும் சொல்ல வேண்டியதுதான்.