கிளுவை வேலியும் சீந்தில் காமாலையும்

மறுபடியும் ஒரு சீந்தில் காமாலை, சீந்தில் குடித்து ஈரல் கெட்டு வந்தது. கிளுவை வேலியில் படர்ந்த கொடியில் ஒரு சாண் அறுத்து, தட்டி, ராத்திரி ஊறவைத்து, விடியக்காலம் வெறும் வயிற்றில் குடிப்பது. ஒன்றிரண்டு மாதத்தில் மூத்திரம் கட்டங்காப்பி நிறத்தில் போகிறது, சோறு இறங்கவில்லை, கண் மஞ்சள். அப்போதாவது நிறுத்துகிறார்களா? கீழாநெல்லியை மோரில் அரைத்து அதையும் சேர்த்துக்கொள்கிறார்கள். இரண்டு வாரம் அதிலேயே போய்விடும்.

"மாத்திரை தவிர வேற என்ன சாப்பிடறீங்க?"

"ஒன்னுமில்லீங்க."

"கசாயம், பொடி, தழை?"

"அது மருந்துங்களா? எதிர்ப்பு சக்திக்குத்தானுங்க."

எதிர்ப்பு சக்தி கிணற்றுத் தண்ணியல்ல, ஊற ஊற நல்லது என்பதற்கு. அது சாளையில் கட்டிய நாய். ஆள் பார்த்துக் குரைக்கவேண்டும். முடக்குவாதம், லூபஸ், சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு அது ஏற்கெனவே வீட்டு ஆளையே கடித்துக்கொண்டிருக்கிறது. தைராய்டு குறைவுக்கு மாத்திரை போடுகிற பலருக்கும் கதை இதுதான். யாரும் அவர்களிடம் அப்படிச் சொல்லியிருப்பதில்லை. அந்த நாயை அடக்கத்தான் மெத்தோட்ரெக்சேட், சிறுநீரகம் மாற்றியவருக்கு டாக்ரோலிமஸ். மாத்திரையையும் போட்டு சீந்திலையும் குடிப்பது, சங்கிலியை இழுத்துப் பிடித்துக்கொண்டே நாயை உசுப்பிவிடுகிற வேலை.

2022-இல் நாடு முழுவதும் 13 மையங்களின் மருத்துவர்கள் இப்படி ஈரல் கெட்ட 43 பேரைப் பற்றி எழுதினார்கள். பலருக்கு ஈரல், உடம்பே தன்னைத் தாக்கும் வகையில் வீங்கியிருந்தது. இது வேறு இனக் கொடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் முன்பே சொல்லியிருந்தது. இருக்கட்டும். வேலியில் அறுக்கிறவருக்கு எந்த இனமென்று யார் சொல்வது?

கபசுரக் குடிநீரின் 15 சரக்கில் சீந்திலும் ஒன்று. தண்டோடு அந்தப் பொடியும் சேர்ந்தால் சீந்திலின் அளவு இன்னும் கூடும். சித்த மருத்துவர் நாள் கணக்குச் சொல்லித்தான் கொடுப்பார். மாதக்கணக்கில் குடிப்பது நாமாகச் செய்வது.

மேலே சொன்ன நோய் எதுவும் இருந்தால், ஈரல் ஏற்கெனவே பழுதென்றால், தொடவே வேண்டாம். கண் மஞ்சளானால் அன்றைக்கே எல்லாத் தழையையும் நிறுத்துங்கள். ஈரலுக்கான ரத்தப் பரிசோதனைகளான பிலிருபின், எஸ்ஜிபிடியோடு, ரத்தம் உறைவதைக் காட்டும் ஐஎன்ஆரும் பாருங்கள். ஐஎன்ஆர் 1.5-ஐத் தாண்டினாலோ, பேச்சு குழறி ஆள் மந்தமானாலோ ராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரிதான். ஒருமுறை காமாலை வந்து தெளிந்தவர் மறுபடி குடித்தால் இன்னும் சீக்கிரமே திரும்பும்.

வரும்போது அந்தத் தண்டில் ஒரு துண்டை இலையோடு எடுத்து வாங்க. பொடியென்றால் டப்பாவோடு.