இடிபாட்டிலிருந்து இழுக்கும் முன்

மழைக்காலத்தில் சுவர் இடிந்து சிக்கியவர்களை எங்கள் அவசரப் பிரிவுக்குத் தூக்கி வருவார்கள். நோயாளியைக் கவனித்த கையோடு, தூக்கி வந்தவர்களின் விரல்களையும் பார்ப்பேன். நகம் பெயர்ந்து, சிமென்ட் தூசி அப்பி, ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். அக்கம்பக்கத்து ஆட்கள்தான், வெறுங்கையால் தோண்டியிருப்பார்கள்.

அப்போதெல்லாம் தாமஸ் ஆல்டர்சன் நினைவுக்கு வருவார். இங்கிலாந்தின் பிரிட்லிங்டன் என்ற கடலோர ஊரில் நகராட்சி வேலைகளுக்கு மேற்பார்வையாளர். 1940-ல் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டதில் ஐந்து மாடிக் கட்டடங்கள் இரண்டு தரைமட்டமாயின. நிலவறையில் ஆட்கள் புதைந்துபோனார்கள். ஆல்டர்சன் இடிபாட்டுக்கு அடியில் 13, 14 அடி குடைந்துகொண்டே போனார். உடம்பைத் திருப்பக்கூட இடமில்லாத பொந்தில் மூன்றரை மணி நேரம். எரிவாயு கசிகிறது, தண்ணீர்க் குழாய் உடைந்திருக்கிறது, தலைக்கு மேலே விமானச் சத்தம். சிக்கிய அத்தனை பேரையும் மேற்கொண்டு காயமில்லாமல் வெளியே கொண்டுவந்தார். வீரத்துக்காக பிரிட்டன் தரும் ஜார்ஜ் கிராஸ் விருதை முதலில் பெற்றவர் அவர்தான்.

இன்னொரு இடத்தில், பெரிய குளிர்பதனப் பெட்டிக்கு அடியிலிருந்து இருவரை உயிரோடு மீட்டார். ஒருவர் பிறகு இறந்துவிட்டார்.

மீட்ட பிறகு வரும் இந்த மரணம்தான் லண்டன் மருத்துவர்களையும் உலுக்கியது. மணிக்கணக்கில் நசுங்கிக் கிடந்தவர்கள் நன்றாகப் பேசிக்கொண்டே வருவார்கள். சில நாளில் சிறுநீரகம் நின்றுவிடும். எரிக் பைவாட்டர்ஸும் பீலும் 1941-ல் இதை விவரித்து எழுதினார்கள். நசுங்கிய தசையிலிருந்து பொட்டாசியமும், மயோகுளோபின் என்ற தசைப் புரதமும் பாரம் விலகியதும் ரத்தத்தில் பாய்கின்றன. முதலாவது இதயத்தையே நிறுத்திவிடக்கூடும், இரண்டாவது சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இறங்கினால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

சரி, பக்கத்தில் நிற்கும் நாம் என்ன செய்வது? முதலில் 108-ஐ அழையுங்கள். மேலே ஆடும் சுவர் இருக்கிறதா என்று பாருங்கள். முகத்தையும் மார்பையும் அழுத்துவதை உடனே விலக்குங்கள், மூச்சுக்கு வழி வேண்டும். கை கால் மட்டும் வெகுநேரமாகச் சிக்கியிருந்தால், பிடித்து இழுக்காதீர்கள். முடிந்தவரை, ஆம்புலன்ஸில் வருபவர்கள் சலைன் ஏற்றத் தொடங்கிய பிறகே பாரத்தைத் தூக்க வேண்டும். அதுவரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

அப்புறம், எத்தனை மணிக்குச் சிக்கினார் என்பதை அவர் கையிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.