விருந்து வைப்பவரும் உட்கார வேண்டும்

வீட்டு விருந்துகளை ஏற்பாடு செய்து கொடுப்பதுதான் 16 வருடமாக என் தொழில். பத்துப் பேர், இருபது பேர், மிஞ்சிப்போனால் முப்பது பேர் கூடுகிற பண்டிகை விடுமுறை விருந்துகள். ஆரம்பத்தில் பூவும் விளக்கும் வைத்துக் கொடுத்துவிட்டால் என் வேலை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு வீட்டின் சமையலறையைப் பார்த்த பிறகுதான் அந்த எண்ணம் போனது.

அன்று 18 பேர் வந்திருந்தார்கள். இரவு பத்தரை மணிக்கு என் சாமான் பெட்டியை எடுக்க உள்ளே போனேன். வீட்டுக்கார அம்மா சமையல் மேடையில் சாய்ந்து நின்றபடி, பரிமாறுகிற கரண்டியாலேயே பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருந்ததை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலின் மேல் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவு வலி. ஒன்பது வகை சமைத்திருந்தார். நான்கு வகைகள் பாதிகூடத் தீரவில்லை. இந்த விருந்துக்கென்றே புதிதாக வாங்கிய தட்டுகளின் அட்டைப்பெட்டி மூலையில் கிடந்தது. “எல்லாரும் நல்லாச் சாப்பிட்டாங்களா?” என்று என்னிடம் கேட்டார். அலங்காரம் செய்ய வந்தவளிடம்! “நான் யார்கிட்டயும் அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து பேசலைம்மா” என்றார்.

அதற்கப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: “நீங்கள் எத்தனை மணிக்கு உட்காரப் போகிறீர்கள்?” பலருக்கு இந்தக் கேள்வியே புரிவதில்லை. விருந்தாளி எப்போது உட்காருவார் என்று யோசித்திருப்பார்கள், தங்களுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்க மாட்டார்கள். வீட்டுக்காரர் முகம் களைத்திருந்தால் வந்தவர்கள் வாய்விட்டுச் சிரிக்கத் தயங்குவார்கள், சீக்கிரம் கிளம்பப் பார்ப்பார்கள். எத்தனை பூ வைத்தாலும் அதைச் சரிக்கட்ட முடியாது. ஆகவே, கையில் இருக்கிற பணத்தையும் நேரத்தையும் உங்களை உட்கார வைக்கிற விஷயங்களில் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

பணம் என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செலவு எவ்வளவு என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள், பட்டியலை அப்புறம் போடுங்கள். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. பட்டியல் நீளும், கடன் அட்டை வெளியே வரும், விடுமுறை முடிந்து இரண்டு மாதம் கழித்தும் ஒரு மாலை நேரத்துக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள். அப்படி மனம் நொந்தவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். தொகை அடங்கவில்லை என்றால் முதலில் பதார்த்தங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஆட்களைக் குறைக்க வேண்டாம்.

சூடாகப் பரிமாற ஒரே ஒரு பிரதான உணவு போதும். மற்றவை எல்லாம் முந்தின நாளே செய்து வைக்கக்கூடியவையாகவோ, அப்படியே எடுத்து வைக்கக்கூடியவையாகவோ இருக்கட்டும். அந்த ஒன்று நீங்கள் குறைந்தது மூன்று முறையாவது செய்து பழகியதாக இருக்க வேண்டும். புதுப் பக்குவத்தை விருந்தன்று முயன்று பார்த்து அழுதவர்கள் உண்டு.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நான்கு பேருக்குச் செய்கிற அளவை ஐந்தால் பெருக்கி 20 பேருக்கு வைக்கிறோம். ஆனால் அடுப்பு அதே அடுப்பு. அதே தீ ஐந்து மடங்கு உணவைச் சூடாக்க வேண்டும் என்றால் கொதி வரவே கிட்டத்தட்ட ஐந்து மடங்கு நேரம் பிடிக்கும். அப்புறம், பாத்திரம் பெரிதாகும் அளவுக்கு அதன் வாய் அகலமாவதில்லை. அதனால் நீர் வற்றுவதும் மெதுவாகத்தான். எட்டு மணிக்குப் பரிமாறுவதாக இருந்த சாப்பாடு ஒன்பதரைக்கு வருவதன் ரகசியம் இதுதான். பதற்றப்பட்டு ஒன்றும் ஆகப் போவதில்லை. ஒரே பெரிய பாத்திரத்துக்குப் பதில் இரண்டு பாத்திரங்களாகப் பிரித்து இரண்டு பர்னரில் வையுங்கள், அல்லது ஒரு பாதியைக் காலையிலேயே முடித்து, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

பட்டியல் முடிவானதும் நான் ஒரு தாளில் நேரத்தைப் பின்னோக்கி எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவேன். சாப்பாடு எட்டு மணி. பாத்திரத்தைச் சூடாக்க ஏற்றுவது ஏழேகால். ஐஸ் எடுத்து வைப்பது ஆறே முக்கால். ஆறே காலுக்கு எதிரே எப்போதும் ஒரே வரிதான் இருக்கும்: “ஒன்றும் செய்யாதே. உடை மாற்று, தண்ணீர் குடி, உட்கார்.” அந்த அரை மணி நேரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஏதாவது தவறினால் சமாளிக்கவும் அதுதான் கை கொடுக்கும்.

யாராவது “நான் என்ன கொண்டு வரட்டும்?” என்று கேட்டால் “ஐயோ, ஒன்றும் வேண்டாம்” என்று சொல்லாதீர்கள். மனதாரக் கேட்கிறவருக்கு நேரான பதில் சொல்லுங்கள். ஐஸ் கொண்டு வரச் சொல்லலாம். ஆளுக்கு அரைக் கிலோ என்பது எங்கள் கணக்கு, அது எந்த வீட்டு ஃப்ரீசரிலும் இடம் போதாத சாமான். குடிப்பதற்கு முதல் ஒரு மணி நேரத்தில் ஆளுக்கு இரண்டு கிளாஸ், அப்புறம் மணிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும். தண்ணீரும் பானங்களும் சமையலறையிலிருந்து தள்ளி ஒரு மேஜையில் இருக்கட்டும். அவரவர் ஊற்றிக்கொள்வார்கள், நீங்கள் முப்பது தடவை எழுந்து நடப்பது மிச்சம்.

இப்போது வீட்டைப் பார்ப்போம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

ஒரு வீட்டில் வரவேற்பறைச் சுவர்களை ஒட்டி 14 நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். மருத்துவமனையில் காத்திருக்கும் இடம் மாதிரி இருந்தது. தலைக்கு மேல் டியூப்லைட் பளீரென்று எரிந்தது. நான் முதலில் அதை அணைத்தேன். வீட்டில் இருந்த மேஜை விளக்குகள் மூன்றையும் கேட்டு வாங்கினேன். ஒன்றைப் புத்தக அலமாரியின் நடுத்தட்டில் வைத்தேன், ஒன்றைச் செடித் தொட்டிக்குப் பின்னால் தரையில், இன்னொன்றைப் பானங்கள் மேஜையில். பல்புகளை 2700 கெல்வின் என்று அட்டையில் போட்டிருக்கும் மஞ்சள் ஒளி எல்இடிகளாக மாற்றினேன். பகல் வெளிச்சம் என்று விற்கிற 6500 கெல்வின் வெள்ளை ஒளி படிக்கவும் துடைக்கவும் நல்லது, மாலை விருந்துக்கு ஆகாது. பல்ப் அட்டையில் சிஆர்ஐ என்ற எண் 90-க்கு மேல் இருந்தால் உணவின் நிறமும் முகத்தின் நிறமும் இயல்பாகத் தெரியும். செடியின் நிழல் சுவரில் விழுந்து அசைந்ததைப் பார்த்து அந்த வீட்டுப் பிள்ளைகள் “இது நம்ம வீடா?” என்றார்கள். செலவு மூன்று பல்புகள்தான்.

நாற்காலிகளையும் கலைத்தேன். நாலு நாலாக, முழங்கால்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி. இங்கிலாந்தைச் சேர்ந்த ராபின் டன்பார் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் மனிதர்கள் கூடிப் பேசுவதைக் கவனித்து 1995-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். தானாக உருவாகும் ஒரு பேச்சு வட்டத்தில் பொதுவாக நான்கு பேர் வரைதான் இருப்பார்கள், கூடினால் வட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். என் அனுபவமும் அதுதான். சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் மட்டும் பேசிவிட்டு ஃபோனை எடுத்துவிடுகிறார்கள். சாப்பாட்டு மேஜையில் ஆளுக்கு 60 சென்டிமீட்டர் இடம் விட்டால் முழங்கை இடிக்காது. மேஜை நடுவில் வைக்கிற பூ உட்கார்ந்தவர் கண்ணை மறைக்காத உயரத்தில் இருக்கட்டும். பூவுக்குப் பதில் பழங்களை அடுக்கினாலும் அழகுதான், மறுநாள் அதைச் சாப்பிட்டும் விடலாம்.

தட்டுகள் ஒரே செட்டாக இருக்க வேண்டும் என்ற கவலையை விட்டுவிடுங்கள். வெள்ளைத் தட்டுகளை மட்டும் பொறுக்கி எடுங்கள், போதாததை அக்கம்பக்கத்தில் இரவல் வாங்குங்கள். அளவும் விளிம்பும் வேறாக இருந்தாலும், ஒரே நிறத் துணி விரித்த மேஜையில் எல்லாம் ஒரு குடும்பம் மாதிரித் தெரியும்.

பாட்டுச் சத்தத்தைக் குறைவாக வையுங்கள். சுற்றுப்புறச் சத்தம் கூடினால் மனிதர்கள் தங்களை அறியாமலே குரலை உயர்த்துவார்கள். பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911-லேயே இதைப் பற்றி எழுதியதால் அவர் பெயராலேயே இதைச் சொல்கிறார்கள். ஒருவர் உயர்த்த, அடுத்தவர் உயர்த்த, ஒரு மணி நேரத்தில் எல்லாரும் கத்திக்கொண்டிருப்பார்கள், தலைவலி வந்துவிடும். திரைச்சீலையும் விரிப்பும் கொஞ்சம் சத்தத்தை உறிஞ்சும். ஜன்னல்களை அரை மணி நேரம் முன்பே திறந்து வையுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் உடம்பிலிருந்து சுமார் 100 வாட் வெப்பம் வெளியாகிறது. பத்துப் பேர் கூடினால் அறையில் ஒரு இஸ்திரிப் பெட்டி ஓடுகிற மாதிரி. அதோடு, உங்கள் வீட்டு வாசனை உங்கள் மூக்குக்குப் பழகிப்போயிருக்கும். ஐந்து, பத்து நிமிடம் வெளியே போய்விட்டு உள்ளே வந்து பாருங்கள், விருந்தாளிக்கு முதலில் என்ன மணக்கும் என்று தெரிந்துவிடும்.

அடுத்தது, எல்லாரும் கேட்டே ஆக வேண்டிய விஷயம். நல்ல மனதோடு வைத்த விருந்து மறுநாள் வயிற்றுக் கோளாறில் முடிவதற்குப் பெரும்பாலும் காரணம் மேஜையில் ஆறிக் கிடந்த உணவு. 5 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரி வரை கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவை அறையின் வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெயில் காலத்தில், 32 டிகிரியைத் தாண்டினால், ஒரு மணி நேரம்தான் கணக்கு. “திரும்பச் சூடு பண்ணிட்டாச் சரியாப்போயிடும்” என்று பலர் சொல்கிறார்கள். எல்லாவற்றிலும் அது சரிப்படாது. சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு ஆறிக் கிடக்கும்போது அது உண்டாக்கும் ஒரு நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

அதனால் எல்லாவற்றையும் ஒரேயடியாக மேஜையில் கொட்டாதீர்கள். சின்னப் பாத்திரத்தில் வைத்து, தீரத் தீர மாற்றுங்கள். பழைய பாத்திரத்திலேயே புதிதை ஊற்றாமல் வேறு பாத்திரம் வையுங்கள். எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் மீதத்தை ஆழமில்லாத, அகலமான டப்பாக்களில் பிரித்து ஃப்ரிட்ஜில் ஏற்றுங்கள். ஆழமான அண்டாவில் அப்படியே வைத்தால் நடுப்பகுதி ஆற மணிக்கணக்காகும். இந்த ஒரு வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். டப்பாக்களை முன்கூட்டியே மூடியோடு எடுத்து வைத்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

மெழுகுவத்தியைத் திரைச்சீலை, காகித அலங்காரம் எதிலிருந்தும் குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொன்றைச் செருகாதீர்கள். வேறெதிலும் சிக்கனம் பார்க்கலாம், இதில் வேண்டாம்.

சொந்தம், நட்பு, அலுவலகம் என்று ஆட்கள் அதிகம் இருந்தால் எங்கள் தொழிலில் நாங்கள் சொல்லும் யோசனை, அடுத்தடுத்த இரண்டு நாட்களில் இரண்டு சின்ன விருந்துகள். வீட்டைத் துடைப்பது ஒரு தடவை, பூ ஒரு தடவை, மேஜைத் துணி, விளக்கு எல்லாம் ஒரு தடவை. உணவை மட்டும் இரண்டாம் நாளுக்குப் புதிதாகச் செய்தால் போதும். 24 பேரை ஒரே இரவில் நெருக்குவதைவிட 12 பேராக இரண்டு இரவு என்றால் நாற்காலி, தட்டு எதற்கும் வாடகை தர வேண்டியிருக்காது. முக்கியமாக, எல்லாரோடும் பேச முடியும்.

கடைசிக் கால் மணி நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடைய சகாக்களும் 1993-ல் வெளியிட்ட ஒரு சோதனை இது. 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 வினாடி கையை வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 வினாடியோடு கூடுதலாக 30 வினாடி, ஆனால் அந்த முப்பதில் நீர் மெல்ல 15 டிகிரிக்கு ஏறும். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் நீளமானதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததே போதுமானதாக இருந்திருக்கிறது. விருந்து முடிகிற நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? சிங்கில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு, தோளுக்கு மேல் திரும்பி “போய்ட்டு வாங்க” என்கிறோம்.

முதலில் சொன்னேனே, அந்த அம்மா அடுத்த வருடமும் என்னைக் கூப்பிட்டார். ஒன்பது வகை மூன்றானது. அவருக்கென்று ஒரு நாற்காலியை, சமையலறைக் கதவு முதுகுக்குப் பின்னால் வருகிற மாதிரி நானே போட்டேன். இரவு பத்து மணிக்கு விளக்குகளை எடுக்கப் போனபோது அவர் வீட்டுக்குள் இல்லை. வாசலில், கிளம்புகிறவர்களின் வண்டி ஜன்னலில் கை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். வண்டி ஸ்டார்ட் ஆகி, அணைந்து, மறுபடி ஸ்டார்ட் ஆனது. உள்ளே மீதம் எல்லாம் டப்பாக்களில் ஏறி ஃப்ரிட்ஜுக்குப் போயிருந்தது. பாத்திரங்கள் சிங்கில் சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. மறுநாள் காலை காபி குடித்துவிட்டுத்தான் கழுவினாராம்.