அணுகலும் எட்டுதலும்: ஒரு சொல் விளக்கம்

மாற்றுத்திறனாளிகளுக்கான சேவைகளைப் பற்றிய தமிழ் ஆவணங்களில் ‘அணுகல்’, ‘அணுகல்தன்மை’, ‘அணுகு வசதி’ ஆகிய சொற்கள் மாறி மாறி வருகின்றன. மூன்றும் ‘ஆக்சஸிபிலிட்டி’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நிகராக அமைக்கப்பட்டவை. சுற்றறிக்கையிலும் கைப்பேசியின் அமைப்புகளிலும் இவை பழகிவிட்டன. ஆனால் இலங்கையின் மலையகத்தில், தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த பொகவந்தலாவையிலோ லிந்துலையிலோ நடக்க இயலாத பிள்ளையை வளர்க்கும் ஒரு தாயிடம் ‘சேவைகளின் அணுகல்தன்மை’ என்று சொன்னால், அது தம் பிள்ளையைப் பற்றிய பேச்சு என்றே அவருக்குத் தோன்றாது. சொல் புதிதாக இருப்பது மட்டும் இதற்குக் காரணமன்று. அந்தச் சொல் யாரை நடக்கச் சொல்கிறது என்பதும் காரணமாகும்.

‘அணுகு’ பழந்தமிழ் வினை. அண்மை, அணித்து, அணுக்கம் ஆகியவற்றோடு உறவுடையது. அரசரைச் சார்ந்து வாழ்பவர் தீக்காய்வாரைப் போல ‘அகலாது அணுகாது’ ஒழுக வேண்டும் என்கிறது 691ஆம் குறள். அங்கே நெருப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. தூரத்தை அளந்து நகர வேண்டியவர் குளிர்காய்பவரே. ஆங்கிலச் சொல்லின் மூலமான லத்தீன் வினையும் ‘ஒன்றை நோக்கிச் செல்லுதல்’ என்றே பொருள்படும். ஆகவே ‘அணுகல்’ பிழையான மொழிபெயர்ப்பன்று. சேவை ஓரிடத்தில் நிற்க, தேவையுள்ளவர் அதை நோக்கிச் செல்கிறார் என்ற காட்சி இரு மொழியிலும் ஒன்றாகவே இருக்கிறது.

மலையகத்தில் அப்படிச் செல்வது எளிதன்று. தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் வரிசை வீடுகளான லயன்கள் பல சரிவில் இருக்கின்றன. பாதைக்கு வர மண்ணில் வெட்டிய படிகளில் ஏறவோ இறங்கவோ வேண்டும். மழைக் காலத்தில் அவை வழுக்கும். சக்கர நாற்காலி கிடைத்த வீட்டிலும் அது அந்தப் படிகளைத் தாண்டுவதில்லை. வளர்ந்த பிள்ளையையும் தூக்கிச் சுமக்க வேண்டியிருக்கிறது. பிறகு பஸ்ஸுக்கான காத்திருப்பு, இல்லையேல் ஓட்டோவுக்கான செலவு. கொழுந்து பறிக்கும் தாய்க்கு அன்று ‘பேர்’ விழாது. ஒரு நாள் வேலை கணக்கில் பதிவாவதைத் தோட்டங்களில் அப்படித்தான் சொல்வார்கள். உடலியக்கப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் ஒருமுறை போய் மருந்து வாங்கி வரும் காரியங்கள் அல்ல; மாதக்கணக்கில் விடாமல் தொடர வேண்டியவை. ஒவ்வொரு முறையும் ஒரு பேரை இழக்கும் குடும்பம் சில தடவைகளுக்குப் பின் போகாமல் விட்டால், அதை அக்கறையின்மை என்று எழுதிவைப்பது பெரும் அநீதி. அரசின் உள்ளூர் நிருவாக அலுவலகங்களான பிரதேச செயலகங்கள் நுவரெலியா மாவட்டம் முழுவதற்கும் நீண்ட காலம் ஐந்தே இருந்தன என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

தமிழில் இன்னொரு வினை இருக்கிறது: ‘எட்டு’. ‘நான் சேவையை அணுகுகிறேன்’ என்னும்போது நகர்பவர் நான். ‘சேவை எனக்கு எட்டுகிறது’ என்னும்போது எழுவாய் சேவையாகிவிடுகிறது, நான் நான்காம் வேற்றுமையில் பெறுபவராக நிற்கிறேன். எட்டவில்லையென்றால் குறை சேவையினுடையது. பழமொழியும் அந்த இலக்கணத்தில்தான் பேசுகிறது: கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. ஒதுக்கீடு வந்தும் பயன் வந்து சேராத நிலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இந்த வினையின் வீச்சு பெரியது. பொருள் கைக்கு எட்டும், செய்தி காதுக்கு எட்டும், கருத்து அறிவுக்கு எட்டும். கட்டடம், போக்குவரத்து, தகவல், தொடர்பாடல், சேவை என மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின், அதாவது பன்னாட்டு உடன்படிக்கையின், 9ஆம் உறுப்புரை அடுக்கும் அனைத்தையும் இந்த ஒரே வினை தாங்குகிறது. காதுக்கும் அறிவுக்கும் எட்டுவது மலையகத்தில் தனிப் பிரச்சினை. நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இல் வர்த்தமானி மூலம், சிங்களத்திலும் தமிழிலும் இயங்க வேண்டிய இருமொழி நிருவாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன. அப்படியிருந்தும் சிங்களத்தில் மட்டும் அச்சான படிவம் ஒரு தோட்டக் குடும்பத்தின் கைக்கு வருமானால், அது கைக்கு எட்டி அறிவுக்கு எட்டாத சேவையாகும்.

‘கிளினிக்’ என்னும் சொல்லையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். ‘நாளைக்கு கிளினிக் போகணும்’ என்று தோட்டங்களில் அன்றாடம் பேசப்படும் இச்சொல்லின் கிரேக்க மூலத்துக்குப் ‘படுக்கை’ என்பது பொருள். நோயாளியின் படுக்கையருகே செய்யப்படும் மருத்துவத்தையே அது முதலில் குறித்தது. நோயாளிக்கு எட்டிய சேவையின் பெயர், இன்று நோயாளி அணுகிச் செல்லும் இடத்தின் பெயராகிவிட்டது.

சேவை எதுவரை எட்ட வேண்டும் என்பதையும் அதே சமவாயம் கூறுகிறது. புனர்வாழ்வுச் சேவைகள் கிராமப்புறங்கள் உட்பட மக்கள் வாழும் சமூகங்களுக்கு இயன்றவரை அருகில் கிடைக்க வேண்டும் என்கிறது 26ஆம் உறுப்புரை. இலங்கை 2016இல் இந்தச் சமவாயத்துக்குப் பின்னேற்பு, அதாவது முறையான ஒப்புதல், அளித்தது. அதற்கு முன்பே மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும் அதன் கீழான 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளும் இருந்தன. பொதுக் கட்டடங்களுக்குள் மாற்றுத்திறனாளிகள் தடையின்றிச் சென்றுவருவதைப் பற்றியவை அந்த ஒழுங்குவிதிகள். சாய்தளம், அகன்ற கதவு, கழிப்பறை ஆகியவற்றுக்கு ‘அணுகு வசதி’ என்ற சொல்லே பொருத்தமானது. அதை மாற்றத் தேவையில்லை.

தோட்டத்தில் ‘அருகில்’ என்றால் வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பராமரிக்கும் பிள்ளைக் காம்பரா, கொழுந்து நிறுக்கும் மடுவம், வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களம், கோயில் மண்டபம், தோட்டப் பாடசாலை. இவற்றுள் பிள்ளைக் காம்பராவையே நான் முதலில் வைப்பேன். தாய் கொழுந்து பறிக்க மலைக்குப் போன நேரம் முழுவதும் பிள்ளை அங்கேதான் இருக்கிறது. கழுத்து நிற்கவில்லை, அழைத்தால் திரும்பிப் பார்க்கவில்லை என்பதை அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணால் ஆரம்பத்திலேயே கவனிக்க முடியும். அவருக்கு உரிய பயிற்சியும், குடும்பநல உத்தியோகத்தரோடும் சமூக சேவை உத்தியோகத்தரோடும் நேரடித் தொடர்பும் இருந்தால், சிகிச்சையாளர் குறித்த நாளில் அங்கேயே வந்து பிள்ளையைப் பார்க்கலாம். தாயும் வேலை முடிந்து பிள்ளையை அழைத்துப்போக வரும்போது பயிற்சியைக் கற்றுக்கொள்ளலாம். ‘நடமாடும் சேவை’ என்னும் நமக்குப் பழகிய ஏற்பாடு இதற்கு ஈடாகாது. அடையாள அட்டைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் அது பெரிதும் உதவியிருக்கிறது. ஆனால் ஒரு நாள் வந்து போகும் சேவையால் ஒரு பிள்ளையின் நடையைத் தொடர்ந்து பழக்க முடியாது.

எனவே கட்டடத்தைக் குறிக்கும்போது ‘அணுகு வசதி’ என்றும், குடும்பத்தின் அன்றாட இடத்துக்கு வந்து நிலைக்கும் ஏற்பாட்டைக் குறிக்கும்போது ‘எட்டும் சேவை’ என்றும் எழுதலாம். அறிவித்தலில் ‘சேவைகளின் அணுகல்தன்மை மேம்படுத்தப்படும்’ என்பதற்குப் பதிலாக, ‘செவ்வாய்தோறும் பேச்சுப் பயிற்சி பிள்ளைக் காம்பராவில் நடைபெறும், தமிழில் பேசலாம்’ என்று எழுதினால், எந்தச் சேவை, எங்கே, எந்த மொழியில் எட்டுகிறது என்பது வாசிப்பவருக்கு உடனே விளங்கும்.