சம்பாதித்தது நீங்கள், வாரிசு யார்?

உயில் எழுத வேண்டும் என்று எங்கள் அலுவலகத்துக்கு வருபவர்களில் பெண்கள் மிகக் குறைவு. அப்பாவுக்கோ கணவருக்கோ துணையாக வந்து உட்கார்ந்திருப்பார்கள். “உங்களுக்கும் ஒன்று எழுதிவிடலாமே அக்கா” என்றால், “என் பேர்ல என்ன மேடம் இருக்கு” என்பார்கள். கொஞ்சம் விசாரித்தால் வீட்டில் பாதி, பி.எஃப்., எஃப்.டி., பிறந்த வீட்டு நகை என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.

என்னைக் கேட்டால், இந்துக் குடும்பங்களில் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் உயில் அவசரம். காரணம், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு. உயில் எழுதாமல் ஒரு பெண் இறந்தால் அவருடைய சொத்து முதலில் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போகும். சரி, அதில் யாருக்கும் சண்டையில்லை. கணவரும் இல்லை, பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இல்லை என்றால்? கணவருடைய வாரிசுகளுக்குப் போகும். பெற்ற அம்மா, அப்பா அதற்கும் அடுத்த வரிசையில்தான். ஆணுக்கு இப்படி இல்லை. மகன் இறந்தால், மனைவி பிள்ளைகளோடு அவன் தாய்க்கும் சம பங்கு உண்டு.

2009-இல் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்ன ஒரு வழக்கைப் பாருங்கள். ஒரு பெண்ணுக்குக் கல்யாணமாகி மூன்றே மாதத்தில் பாம்பு கடித்துக் கணவர் இறந்துவிட்டார். புகுந்த வீட்டார் விரட்டிவிட்டார்கள். பெற்றோர் படிக்கவைத்தார்கள், அவர் வேலைக்குப் போய்ப் பணம் சேர்த்தார். 1996-இல் உயில் இல்லாமல் இறந்தார். அந்தப் பணத்தை அவருடைய தாயும் கேட்டார், கணவருடைய சகோதரியின் மகன்களும் கேட்டார்கள். சொந்தச் சம்பாத்தியமாகவே இருந்தாலும் சட்டத்தின் வரிசை இதுதான் என்று கணவர் தரப்புக்கே கொடுத்தது நீதிமன்றம். அனுதாபத்தை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது என்பது எனக்கும் புரிகிறது. ஆனாலும் வயிறு எரியத்தான் செய்கிறது. பெண்கள், முக்கியமாக இந்துப் பெண்கள், உடனடியாக உயில் எழுதிவைக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே கேட்டுக்கொண்டது.

“அப்பா கொடுத்த சொத்து பிறந்த வீட்டுக்குத்தானே திரும்பும்?” என்று பலர் கேட்கிறார்கள். பிள்ளைகள் இல்லாதபோது, பெற்றோரிடமிருந்து வாரிசாக வந்த சொத்துக்கு மட்டும்தான் அந்த விதி. அப்பா உயிரோடு இருக்கும்போதே செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்திருந்தால், அது உங்கள் மற்ற சொத்துகளோடு சேர்ந்து பொது வரிசைக்குள் போய்விடும்.

வங்கியில் நாமினி போட்டாயிற்றே என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. நாமினி டெபாசிட் பணத்தை வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அது யாருக்குச் சேர வேண்டும் என்பதை உயிலோ வாரிசுரிமைச் சட்டமோதான் தீர்மானிக்கும். இன்னும் சிலர் பயந்துபோய், பார்த்துக்கொள்ளும் தங்கை மகள் பேரில் இப்போதே செட்டில்மென்ட் எழுதிவிடுகிறார்கள். அதில் சொத்து உடனே கைமாறிவிடும், நினைத்தபடி ரத்து செய்ய முடியாது. உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும்.

எழுதுவது பெரிய வேலையில்லை. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும், தமிழிலேயே எழுதலாம். இரண்டு சாட்சிகள் கட்டாயம். நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துவிட்டு, உங்கள் முன்னாலேயே அவர்களும் போட வேண்டும். நோட்டரி முத்திரை இதற்கு ஈடாகாது. உயில்படி சொத்து பெறப் போகிறவரைச் சாட்சியாகப் போட வேண்டாம், உங்களைவிட வயதில் இளையவர்களாகப் பாருங்கள். நாளைக்கு வழக்கு வந்தால் ஒருவராவது கோர்ட்டுக்கு வந்து சொல்ல வேண்டும். சர்வே எண், கதவு எண் எல்லாம் பத்திரத்தில் உள்ளபடியே இருக்கட்டும். இதில் சொல்லாத சொத்துகளும் இனி வாங்கப்போவதும் யாருக்கு என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அதை விட்டுவிட்டால், பிற்பாடு வாங்கும் சொத்துக்குப் பழைய 15-ஆவது பிரிவுதான்.

பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவைப்பது நல்லது. பின்னால் கையெழுத்தே உங்களுடையதல்ல என்று யாராவது கிளப்புவதற்கு வழி குறையும். ஒன்று, சொத்தின் பத்திரப் பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழில் உயில் வராது. அதனால் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதை நம்பிக்கையான ஒருவரிடமாவது சொல்லிவைக்க வேண்டும். உங்கள் பெயரில் மட்டும் உள்ள வங்கி லாக்கரில் வைக்காதீர்கள். அதைத் திறக்க யாருக்கு உரிமை என்று காட்டத்தான் அந்த உயிலே தேவைப்படும்.